வெந்த கல்

டைமர் ‘டக்’கென்று அடங்கியது. மீன்தொட்டியின் நீல விளக்கு அணைந்தது. வெளிச்சம் போனால், உள்ளே ஒரு கல்லின் மேல் உயிரோடு படர்ந்திருக்கும் பொத்தான் பவளங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்; பத்து வருடமாக அப்படித்தான் மூடிக்கொண்டிருக்கின்றன. அன்று சாயங்காலம் அவை திறந்தன. ஜன்னல் வழியாகக் கசிந்த மங்கிய வெளிச்சத்தில், சட்டைப் பொத்தான் அளவு வட்டங்கள் ஒவ்வொன்றாக விரிவதையும், விரிந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்குவதையும், மறுபடி விரிவதையும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

அந்தக் கல்லில் உயிர் இருக்கவே கூடாது. அதை வேகவைத்தவர் அவர்தான்.

தொட்டி என்றால் அவருக்கு உயிர். தண்ணீரில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி அதற்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருந்தாள். “என்ன, முகமே சரியில்ல? சின்ன வீட்டுல சண்டையா?” என்று வம்புக்கு இழுப்பாள். இழுத்துக்கொண்டே மீன்களுக்குத் தீனி போடுகிறவளும் அவள்தான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் பொத்தான் பவளம் கட்டுக்கடங்காமல் பரவி, பக்கத்திலிருந்த நல்ல பவளங்களை நெரிக்கத் தொடங்கியது. அது ஒட்டியிருந்த கல்லை வெளியே எடுத்து, சமையலறையில் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். பவளம் விற்றவன் வாங்கும்போதே தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். “இந்த வகையில விஷம் இருக்கு சார். கொதிக்க மட்டும் வச்சிராதீங்க. ஆவிய இழுத்தாலே ஆபத்து.” இவர் அதைப் பாதிதான் நம்பினார். நம்பிய பாதிக்குக் கையுறை போட்டுக்கொண்டார். லென்ஸ் தேய்க்கும்போது கட்டுகிற முகமூடியையும் கட்டிக்கொண்டார். கூடத்துக்கு நாற்றம் வரக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, தொட்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போனார். உள்ளே மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இருமல் கேட்டது. இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இருமல். “என்னங்க, கொஞ்சம் வாங்களேன்” என்றாள்.

“இரு, ஒரு மூலை பாக்கி இருக்கு. இதோ வரேன்” என்றார். அந்த மூலையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “வீட்ல புகை, பூச்சிமருந்து ஏதாவது?” “ஒண்ணுமில்ல டாக்டர்.” மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று, சுண்ணாம்புக் கட்டியாய் வெளுத்துக் கிடந்த கல்லை அவர் மறுபடி தொட்டிக்குள்ளேயே போட்டார். பன்னிரண்டாம் நாள் அதில் முதல் பொத்தான் முளைத்திருந்தது. இப்போது கல்லே தெரியவில்லை.

“ஏம்ப்பா இந்தத் தொட்டி இருமுது?”

அறை வாசலில் மகள் நின்றாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவைத் தனியாக விடக் கூடாதென்று வந்திருக்கிறாள்.

“நுரை தள்ளுற மோட்டார்ல காத்து அடைச்சிருக்கும்மா.”

“அம்மா மாதிரியே இருமுதுப்பா.” சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் எழுந்துபோய் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். நுரை அடங்கியது. தண்ணீர் அசையாமல் நின்றது. அந்த அமைதியில், இரண்டு சின்ன இருமல். ஒரு நீண்ட இருமல். கல்லின் மேல் அத்தனை வாய்களும் அதற்கேற்பத் திறந்து மூடின.

சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தொண்டை வரை வந்தது. அவளுக்கு மிச்சமிருப்பது அப்பா ஒருவர்தான். சொன்னால் அந்த ஒருவரும் இல்லை. அவருக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தார்.

மறுநாள் கடையில் எந்த வேலையும் ஓடவில்லை. ஒருவருடைய கண்ணாடியில் வலக்கண் லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நாலு மணிக்கே கடையைச் சாத்தினார். இன்றைக்குச் சொல்லிவிடுவது, மறுபேச்சே கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் அந்த நாற்றம். ஊறிய பாசியும் ஈர நாணயமும் கலந்த நாற்றம். ஆறு வாரமாக அவர் மூக்கை விட்டுப் போகாத அதே நாற்றம்.

தொட்டியின் நடுவே பள்ளம். கல் இல்லை.

பக்கத்தில் அவருடைய பராமரிப்பு நோட்டு விரிந்து கிடந்தது. அவருடைய அழகான உருண்டைக் கையெழுத்து. ‘பொத்தான் பவளம் பரவினால்: கல்லை எடுத்துக் கொதிநீரில் இருபது நிமிடம்.’ கிழித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று விட்டுவைத்த பக்கம்.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் மேல்பாதிக் கண்ணாடி முழுக்க ஆவி.

“வந்துட்டீங்களாப்பா?” உள்ளிருந்து மகளின் குரல். “உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு கல்ல நானே எடுத்துட்டேன். நீங்க எழுதி வச்சபடியே பண்றேன்.” கொஞ்சம் நின்று, “ஏம்ப்பா கதவைச் சாத்துனீங்க?”

அவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பாய்ந்து கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. பூட்டு இல்லாத கதவு அது. மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

“அடுப்ப அணை! ஜன்னலத் திற! விஷம்மா அது!”

இருமல். இரண்டு சின்னது. ஒன்று நீண்டது. மகளுடையது.

“அம்மாவ நான்தாம்மா கொன்னேன். தெரிஞ்சேதான் கதவச் சாத்தினேன். இருமுறது கேட்டுச்சு. கேட்டுட்டுதான் போகல.” கண்ணாடியை முஷ்டியால் குத்தினார். விரல் கிழிந்தது. கண்ணாடி அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தவளிடம் கெஞ்சினார். “அவள விட்டுடு. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன். அவள விட்டுடு!”

“அப்பா… கொஞ்சம் வாங்களேன்…”

உள்ளே தரையில் ஏதோ விழுந்தது.

பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஈரத் துணியின் கீச்சொலி. நீரில் ஊறி வெளுத்த கை ஒன்று ஆவியைத் துடைக்க ஆரம்பித்தது. மேலிருந்து கீழ். மேலிருந்து கீழ். அவசரமே இல்லாமல்.

“இருங்க” என்றது ஆறு வாரமாகக் கேட்காத, பழகிய குரல். “இதோ வரேன்.”

ஒரு மூலை பாக்கி இருந்தது.