மெய்யே, பிள்ளை?

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் அந்த ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் லிஃப்ட் திறந்ததுமே பிரபாலினியின் மூக்கில் ஏறியது மருந்து மணமல்ல. உள்ளிப்பூண்டும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்த மணம். பதினாறு வருடத்துக்கு முன் இதே வார்டில் படுத்திருந்த அவளுடைய அப்பா செல்வரட்ணத்தின் கைகளில், பிட்ஸாக் கடைக் குசினி வேலையில் ஊறிப்போயிருந்த மணம். கன்னத்துக்குள் கட்டி இருந்தால் இல்லாத மணமெல்லாம் வரும் என்று வீட்டு டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவருக்கென்ன, சொல்லுவார்.

பெண் மருத்துவர் ஸ்கான் படத்தைத் திரையில் போட்டார். இடது கன்ன எலும்புக்குள் காற்று நிற்கிற பொந்து கறுப்பாகத் தெரிய வேண்டும். சாம்பலாக இருந்தது. அதன் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு.

"பல்," என்றார் மருத்துவர். "வழி தவறி மேலே போய் எலும்புக்குள் வளர்ந்த பல். சுற்றிலும் நீர்ப்பை. அரிதுதான். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. கூட்டார்ட்டிக்."

கூட்டார்ட்டிக். நல்ல குணமுள்ள கட்டி, உயிரைக் குடிக்காதது. எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டதும் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். பிரபாலினியோ கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்குத் தெரிந்தது சட்டி கழுவுகிற ஜேர்மன். மொழிபெயர்க்க மகள்தான் போவாள். அப்பாவுக்கும் இடது கன்னம்தான். மருத்துவர் சொன்ன சொல் பேஸார்ட்டிக், கெட்ட கட்டி. அம்மா சந்திரகாந்தி அவளை நடைக்கூடத்துக்கு இழுத்து முழங்கையில் கிள்ளினாள். "அப்பாக்குச் சொல்லிப்போடாதை. மனம் விட்டால் மனுசன் தாங்காது. கூட்டார்ட்டிக் எண்டு சொல்லு."

சொன்னாள். 'கூட்' என்றால் நல்லது என்பது அப்பாவுக்குத் தெரியும். வீங்கிய கன்னத்தை விரலால் இரண்டு தரம் தட்டி, அடைத்த மூக்கால் கேட்டார்: "மெய்யே, பிள்ளை?"

"ஓம் அப்பா, மெய்தான்."

அந்த மெய்யை நம்பி, யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடந்த தன் அக்காவைப் பார்க்க எடுத்த டிக்கெட்டைக் கோடைக்கு மாற்றினார். கோடை வந்தது. அவர்தான் இருக்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பை நம்புமா? இப்போது அவளுடைய படத்தை ஏன் இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள்? கூட வந்த அம்மா ஏன் தாதியோடு குசுகுசுத்தாள்? எல்லோருமாகச் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் புதைக்கிறார்களோ? அவளால் எதையும் நம்ப ஏலவில்லை.

"ஒண்டுமில்லை பிள்ளை, ஏன் யோசிக்கிறாய்?" என்றாள் அம்மா. அப்பாவுக்குச் சொன்ன அதே 'ஒண்டுமில்லை', அதே குரல்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள். கார்த்திகை மாதம், நாலரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. அம்மா கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. சுவரோரம் ஹீட்டர் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

டொக். டொக்.

குழாயில் சூடு ஏறுகிற சத்தம் என்று நினைத்தாள். எழுந்துபோய்க் கையை வைத்துப் பார்த்தாள். குழாய் அசையவில்லை.

டொக். டொக்.

மற்றக் கையைக் கன்னத்தில் வைத்தாள்.

தட்டுகிற சத்தம் அந்தக் கைக்குக் கீழேயிருந்து வந்தது.

உள்ளி மணம் தொண்டை வரை இறங்கியது. மூக்கின் உள்ளிருந்து, அடைபட்ட ஒரு குரல் வந்தது.

"மெய்யே, பிள்ளை?"

ஓடவேண்டும் போலிருந்தது. தன் கன்னத்தை விட்டு எங்கே ஓடுவது?

"இல்லை அப்பா," என்றாள். "பொய். பேஸார்ட்டிக் எண்டுதான் டொக்டர் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான். என்னை மன்னியுங்கோ."

தட்டுவது நின்றது. மூக்கிலிருந்து வெந்நீர் வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது. அவள் ஜன்னலோரம் நின்று விம்மி விம்மி அழுதாள். பதினாறு வருடமாக அழாத அழுகை அது.

மேலுதட்டின் உள்ளே சிறு வாசல் வெட்டிக் கட்டியை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. மருத்துவர் சொன்னதை நம்பாமல் தாளை வாங்கி எழுத்தெழுத்தாக வாசித்தாள். கூட்டார்ட்டிக். இந்த முறை மெய்யாகவே. மூச்சு இரு பக்கமும் தாராளமாக ஓடியது.

மருத்துவர் ஒரு சிறு குப்பியை மேசையில் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. "ஒரு விஷயம் எங்களுக்குப் புரியவில்லை. எலும்புக்குள்ளேயே இருந்த பல் இது. வெளிச்சமே கண்டிருக்காது." குப்பியைத் திருப்பினார். "இதன் சொத்தையை யாரோ அடைத்திருக்கிறார்கள்."

கடைவாய்ப் பல். அதன் தலையில் கறுத்த வெள்ளி அடைப்பு. வேறு யாருடையதாவது மாறியிருக்கும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் வெளியே போனார். குப்பியில் பிரபாலினியின் பெயர்தான் ஒட்டியிருந்தது.

அப்பாவின் பல் அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அடைத்தது, இங்கே ஒப்பரேஷனுக்கு முன் பிடுங்கினார்கள். காகிதத்தில் சுற்றிவைத்திருந்த அதை அப்பாவின் சவப்பெட்டிக்குள் வைத்தது அம்மா. பெட்டியோடு அதுவும் எரிந்துபோனது.

கோப்பியோடு வந்த அம்மா குப்பியைப் பார்த்தாள். கோப்பியைக் குப்பிக்குக் கிட்ட வைக்காமல் மேசையின் மற்ற நுனியில் வைத்தாள்.

"அம்மா, இது அப்பாவின்ரை பல்லுத்தானே?"

"எனக்கென்ன தெரியும். ஆற்றையோ பல்லு."

"அப்பாட்டைப் பொய் சொல்லச் சொல்லி என்னைக் கிள்ளினனீங்கள். அதெண்டாலும் ஞாபகம் இருக்கே?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நான் எங்கை சொன்னனான்? நீதான் சொன்னனீ, பிள்ளை."

டொக். டொக்.

பிரபாலினி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"ஹீட்டர் சத்தம்," என்றாள் அம்மா. ஆனால் அவள் கை மெல்ல எழுந்து, இடது கண்ணுக்குக் கீழே கன்னத்தை அழுத்திக்கொண்டது. அறை முழுக்க உள்ளி மணத்தது.