சுருதி இறக்காத கிதார்

"எங்க ஆல்பத்துல ரெண்டாவது கிதார் வாசிச்சது ஆளே இல்லை. காலி நாற்காலி. ஆனா சுருதி அவ்வளவு சுத்தம்" என்று அந்தோணிசாமி கொல்லிமலைச் செம்மேட்டு டீக்கடையில் அறிவித்தபோது, சந்தைக்கு மிளகு மூட்டை சுமந்து வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சுமையோடு சிரிக்க முடியாத அளவு சிரிப்பு அது.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற அந்தோணிசாமியின் பேச்சுக்கு மலையில் அப்படி ஒரு மரியாதை. அவர் ஊசி போட்ட எருமை மறுநாள் நேராகத் தயிராகவே கறந்தது. அவர் கிதாரை எடுத்தால் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் எட்டிக் கேட்பதற்காக நிமிர்ந்து நேராகிவிடும். பஸ் டிரைவர்கள் காலில் விழுந்து கெஞ்சிய பிறகுதான் திரும்ப வளையும்.

"ஏனுங்க சார், அந்த நாற்காலிக்கும் ஒரு டீ போட்டுடட்டுங்களா?" என்றார் கடைக்காரர் காளியண்ணன்.

"போடுங்க, சக்கரை கம்மியா. அதுக்கும் வயசாயிடுச்சு" என்று அந்தோணிசாமி பக்கத்தில் இருந்த ஓம்பிரகாஷைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சிரிக்காதவர் ஓம்பிரகாஷ் ஒருவர்தான். அந்த இரண்டாவது கிதார் அவருடையது. "அளக்கறதுக்கும் ஒரு படி இருக்குதய்யா" என்று முனகிக்கொண்டே இடது கையை நீட்டி டீ கிளாஸை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கீழே வைத்தார். சுட்டது.

சுடக் கூடாது. நாற்பது வருடம் இரும்புக் கம்பியை அழுத்தி அழுத்தி அவருடைய இடது கை விரல்நுனிகள் நான்கும் காய்த்துப் புளியங்கொட்டையாக இறுகிக் கிடந்தன. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், கொதிக்கிற கிளாஸை அந்த நுனிகளில் ஏந்திக்கொண்டு ஒரு கோப்பு முழுவதையும் வாசித்துக் காட்டிப் பந்தயம் ஜெயித்தவர். சுண்டுவிரலைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பைக் காணோம். பிறந்த குழந்தையின் விரல்போல இளஞ்சிவப்பாக, மெத்தென்று, ரேகைகூட இல்லாமல் பளபளத்தது.

கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கல்யாண வீடுகளிலும் கிறிஸ்துமஸ் இரவுகளிலும் யார் யாருடைய பாட்டுகளையோ வாசித்தே இருவருக்கும் வயதாகிவிட்டது. இனிமேல் சொந்த மெட்டு, இரண்டே கிதார், பாடகர் கிடையாது, கம்பெனி கிடையாது. தாங்களே பதிந்து, தாங்களே இணையத்தில் ஏற்றி, செல்போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கும்படி வெளியிட்டுவிடுவது. மொத்தம் நான்கு மெட்டு. கடைசி மெட்டு ஓம்பிரகாஷ் இளவயதில் கட்டியது. எங்கேயும், யாருக்கும், அதை அவர் ஒரு தடவைகூடப் பிசகாமல் வாசித்ததில்லை. அது தன் பெயரோடு வெளியே வந்துவிட்டால் போதும், பிறகு கை என்னவானாலும் சரி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

பதிவுக்கு, மலை நாடுகளில் ஒன்றான தேவனூர் நாட்டில், மாதம்மாள் என்பவளின் பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ரோட்டுச் சத்தம் எட்டாத இடம். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, இரண்டு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு மைக், நடுவில் லேப்டாப். ஒவ்வொரு மெட்டும் முடிந்தபிறகு, மைக்கை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே போய்விடுவார்கள். காலி அறையின் அமைதியையும் பதிந்து வைக்க வேண்டும். இருமலையோ தும்மலையோ வெட்டி எடுத்த இடத்தில் அதை வைத்துத்தான் ஒட்டுப் போடுவது. கிதார்கள் நாற்காலியிலேயே சாய்ந்திருக்கும்.

முதல் நாளே மாதம்மாள் வாசலில் நின்று சொன்னாள்: "ஏனுங்க, கம்பியைத் தளர்த்திட்டுப் போங்க. பண்டிகை முடிஞ்சா எங்க ஊட்டு மேளத்துக்கே வாரை இறக்கித்தான் மாட்டுவோம். முறுக்கி வெச்சா, வா வந்து வாசினு கூப்பிட்டு வெச்ச மாதிரிங்க."

"சுருதி இறக்கினா நாளைக்கு வாசிக்கறது இன்னிக்கு வாசிச்சதோட ஒட்டாதுங்கம்மா" என்றார் ஓம்பிரகாஷ். "மைக்குக்குத் தெரிஞ்சிடும்."

"மைக்குக்குத் தெரியறது இருக்கட்டுங்க" என்று அவள் போய்விட்டாள்.

அந்தோணிசாமி மட்டும் தன் கிதாரைத் தளர்த்தி வைத்தார். பயத்தால் இல்லை, கம்பி அறுந்துவிடுமே என்கிற கஞ்சத்தனத்தால்.

அன்று பதிந்த அமைதியை ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டபோதுதான் அது கேட்டது. முதலில் வீடு மட்டும்: ஓடு சூடாறும் சடசடப்பு, எங்கோ மரவள்ளிக்காட்டில் ஒரு கோழி, பலகை விடும் பெருமூச்சு. பிறகு இரண்டாவது மைக்கில் மட்டும் நாற்காலி கிறீச்சிட்டது. காய்த்த விரல் கம்பியின்மேல் வழுக்கும் அந்த மெல்லிய சர்ரென்ற ஒலி. அதற்குப்பின் முதல் மெட்டில் ஓம்பிரகாஷின் பங்கு முழுவதும், அவர் வாசித்ததைவிட நன்றாக.

அந்தோணிசாமி எப்போதோ பதிந்த துண்டுகளை வெட்டி ஒட்டித் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று ஓம்பிரகாஷ் முடிவுகட்டினார். டீக்கடையில் கண்ணடித்தது அந்த முடிவை உறுதிசெய்தது. அந்தோணிசாமியோ குதூகலமாக அதையே ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்.

இரண்டாவது மெட்டுக்கு மோதிர விரல் போனது.

மூன்றாவது மெட்டுக்கு நடுவிரல்.

ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே இருவரும் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஹெட்போனில் அந்த நாற்காலி கிறீச்சிட்டது. மறுநாள் காலையில் பல்விளக்கும்போது இன்னொரு விரல்நுனி தண்ணீரின் குளிரை முதல்முறையாக உணர்ந்தது. கம்பியை அழுத்தினால் வலி உயிர்போனது. நேற்று கிதார் வாங்கிய பையன்போல ரத்தம் கசிந்தது. மருத்துவரிடம் காட்டவில்லை. அந்தோணிசாமியிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப வேண்டிவரும்.

"உன் வாசிப்பு நாளுக்கு நாள் மெருகேறுதுய்யா" என்றார் அந்தோணிசாமி. "வெள்ளிக்கிழமை நாலாவதையும் ஏத்திட்டோம்னா கொல்லிமலையே இடம்மாறி உக்காரும்."

"ஏத்திடலாம்" என்றார் ஓம்பிரகாஷ், கையைப் பையிலிருந்து எடுக்காமல்.

வியாழக்கிழமை மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. தேவனூரில் சிக்னல் இல்லை என்பதால், ஆல்பத்தின் அட்டைப்படத்தை ஏற்ற அந்தோணிசாமி செம்மேட்டுக்குக் கிளம்பினார். அவருடைய கிதார் வழக்கம்போலத் தளர்ந்த கம்பிகளோடு முதல் நாற்காலியில் கிடந்தது. ஓம்பிரகாஷ் தன் கிதாரை மடியில் வைத்து நான்காவது மெட்டைத் தொட்டுப் பார்த்தார். மூன்று விரல்கள் மூன்று பஞ்சுத் துண்டுகள். ஆட்காட்டி விரல் ஒன்றுதான் அவருடையதாக மிச்சம் இருந்தது.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு எழுந்து போய்விடலாம். திருகில் கையும் வைத்தார். தளர்த்தினால் விரல் தப்பும். மெட்டு தப்பாது; அவர் கைக்குள்ளேயே செத்துப்போகும்.

ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகச் சேர்த்ததில்லை. கிதாரை நாற்காலியில் சாய்த்து, நாற்காலியை மைக்கின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, உட்காருகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, பதிவை ஓடவிட்டு, கதவைச் சாத்தினார்.

முற்றத்துப் பலாமரத்தடியில் நின்றார். பனி மரத்தை விழுங்கியிருந்தது, மிளகுக்கொடியை விழுங்கியிருந்தது, இருபது அடியில் இருந்த மாதம்மாளின் மாட்டுக்கொட்டகையை வாசனையாக மட்டும் விட்டுவைத்திருந்தது. ஈரச் சாணமும் பழுத்த பலாவும் கலந்த அந்த வாசனைக்குள், ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரை எண்ணாமல் எண்ணிக்கொண்டு, காது முழுவதையும் கதவின்மேல் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

நாற்காலி கிறீச்சிட்டது.

தரையில் காலால் தட்டும் சத்தம். அவர் எப்போதும் தட்டுகிற அதே நான்கு தட்டு. பிறகு மெட்டு.

பிசகவே இல்லை. இளவயதில் மனதுக்குள் எப்படிக் கேட்டதோ அப்படியே, அவர் எப்போதும் தடுக்கி விழுகிற அந்தத் திருப்பத்தில் தண்ணீர்போல வழுக்கித் திரும்பி, கதவின் இடுக்கு வழியாக வந்தது. அவருக்குக் கண் நிறைந்தது. கன்னத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். ஆட்காட்டி விரல் மெத்தென்று கன்னத்தில் பட்டது.

மெட்டு முடிந்தது.

போதும் என்று நினைத்தார். இனி எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

உள்ளே திருகு முனகியது.

அவருடைய கிதார் இல்லை. அவருடையது ஏற்கெனவே சுருதியில் இருந்தது. தொளதொளத்த ஒரு கம்பி மெல்ல இறுகியது. டொய்ங். இன்னும் கொஞ்சம். டொய்ங். அடுத்த கம்பி. பொறுமையாக. ஒவ்வொன்றாக.

கதவைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது கம்பி.

நான்காவது.

பாதையில் டார்ச் வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் டார்ச்சோடு அந்தோணிசாமி. "படத்தை ஏத்தியாச்சு. செல்போன் டவரே குனிஞ்சு வாங்கிக்கிச்சு" என்று பாதையிலிருந்தே ஆரம்பித்தவர், முற்றத்துக்கு வந்ததும் நின்றார். "என்ரா கதவைச் சாத்திட்டு நிக்கறே? உள்ள யாரு, என் கிதாரைத் தொடறது?"

"நீ சொன்ன நாற்காலி."

"விளையாடாதேய்யா" என்றார் அந்தோணிசாமி. குரலில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அது நீதானே? நீ ஊட்டுல தனியா வாசிச்சுப் பதிஞ்சு, எனக்குத் தெரியாம லேப்டாப்புல சேத்து வெச்சதாத்தான் இத்தனை நாளும் நெனச்சேன். அதைத்தானே ஊருக்குக் கதையா அளந்து விட்டேன்."

ஓம்பிரகாஷ் இடது கையை டார்ச் வெளிச்சத்தில் விரித்தார். நான்கு நுனிகளும் மெழுகுபோல மின்னின.

அந்தோணிசாமி குனிந்து அதைப் பார்த்தார். பிறகு, அவருக்குக் கொடுக்கலாம் என்று, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி இடது கைக்கு மாற்றினார்.

மூடி கீழே விழுந்தது.

"சுடுது" என்றார். சுண்டுவிரலைப் பார்த்தார். "ஓம்பிரகாஷு. எனக்கு எப்பவும் சுடாதேய்யா."

உள்ளே நான்கு தட்டு. ஒரு காலில் இல்லை. இரண்டு கால்கள், வெவ்வேறு ஆளுடையவை.

ஜன்னல் பலகை கொஞ்சம் திறந்திருந்தது. டார்ச் வெளிச்சம் அதற்குள் போனது. இரண்டு நாற்காலிகளும் எதிரெதிரே திரும்பியிருந்தன. இரண்டு கிதார்களும் யார் மடியிலும் இல்லாமல் நிமிர்ந்திருந்தன. இரண்டின் கழுத்திலும் கம்பிகள் அங்கங்கே குழிந்து மரத்தோடு அழுந்தியிருந்தன. ஒன்றில் நான்கு இடத்தில், இன்னொன்றில் இப்போதைக்கு ஓரிடத்தில்.

"சொல்லுய்யா" என்றார் அந்தோணிசாமி. "இது பொய்தானே? நான் அளந்ததுதானே?"

"இல்லை, அந்தோணி" என்றார் ஓம்பிரகாஷ். "நீ சொன்னது அத்தனையும் நடந்தது."

உள்ளே இரண்டு கிதார்களும் சேர்ந்து எடுத்தன. சுருதி அவ்வளவு சுத்தம்.