புகை பிடிப்போர் அறை

எக்கார்ட் கழற்றி மாட்டிய தோல் மேலங்கியிலிருந்து சுருட்டு வாசனை வந்தது. பழைய வாசனை அல்ல. இப்போதுதான் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து இழுத்துவிட்டுப் போனதுபோல் வெதுவெதுப்பாக, முட்டைக்கோஸ் வேகும் மணத்தையும் மீறிச் சாப்பாட்டு மேசைவரை வந்தது. லெபரெக்ட் டெஸ்னோ கரண்டியைக் கீழே வைத்தார். மகன் புகைப்பதில்லை. அவன் ஓட்டும் குண்டுவீச்சு விமானத்தில் யாரும் புகைக்கத் துணியவும் மாட்டார்கள்.

"என்னங்க, மேகத்துக்குள்ள சுருட்டுக் கடை வச்சிருக்கீங்களா?" என்று மருமகள் வீப்கே சிரித்தாள். "இங்க ரேஷன்ல நல்ல காப்பிப்பொடிக்கே வழியில்ல."

எக்கார்ட் சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கைக் கூழாகும்வரை வெட்டிக்கொண்டே இருந்தான்.

இங்கிலாந்தில் குண்டடிபட்ட அவனுடைய விமானத்தைப் பழுதுபார்க்க, அது பிறந்த ரோஸ்டாக் நகர விமான ஆலைக்கே கொண்டுவந்திருந்தார்கள். அந்தச் சில நாட்கள் அவனுக்கு வீட்டுச் சாப்பாடு. இன்று மாலை அதை ஓட்டிக்கொண்டு படைக்குத் திரும்ப வேண்டும்.

லெபரெக்டும் அந்த ஆலையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குண்டுவீச்சு விமானம் கட்டுகிறோம் என்பதை உலகத்திடமிருந்து மறைக்க வேண்டியிருந்த காலத்தில், அதைப் பயணிகள் விமானம் என்று சொல்லிக் காட்டினார்கள். குண்டுகள் தொங்க வேண்டிய வயிற்றில் நான்கு மெத்தை நாற்காலிகளைப் போட்டு, 'புகை பிடிப்போர் அறை' என்று பலகை மாட்டியவர் அவர். பார்க்க வந்த வெளிநாட்டாரில் அவர் மனைவியின் அண்ணன் யோஸ்டும் ஒருவர், ராட்டர்டாம் நகரத்து வியாபாரி. அந்த நாற்காலியில் சாய்ந்து சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "இதுல குண்டு ஏத்த மாட்டீங்களே, மாப்ள?" என்று கேட்டார். லெபரெக்ட் தம் டெஸ்னோ குலத்தின் பெயரால் சத்தியம் செய்து கொடுத்தார். சென்ற மே மாதம் ராட்டர்டாமின் மேல் குண்டு போட அந்த விமானங்கள்தான் போயின. யோஸ்ட் குடியிருந்த தெரு இப்போது இல்லை. அந்தச் சத்தியம் தேசத்துக்காகச் சொன்னது. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று லெபரெக்ட் முடிவு செய்திருந்தார்.

"அப்பா," என்றான் எக்கார்ட். "குண்டு அறையில ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"எந்த ஆளுங்க?"

"பயணிங்க. தொப்பிய மடியில வச்சுக்கிட்டு. மொதல்ல ஒருத்தர்தான் இருந்தார். ஒவ்வொரு ஊரா குண்டு போட்டுட்டுத் திரும்பத் திரும்ப, கூட்டம் ஏறிக்கிட்டே போகுது. இப்ப உக்கார எடமில்ல, நிக்கிறாங்க. எப்ப எறங்கலாம்னு கேக்குறாங்க. மரியாதையாத்தான் கேக்குறாங்க. போன தடவ ஒருத்தர் என் தோள்ல கை வச்சார்."

"கூட வர்ற பசங்க?"

"அவங்களுக்கும் தெரியும். வாயத் தொறந்தா கோழைன்னு முத்திர குத்திடுவாங்கன்னு பேச மாட்டாங்க." அவன் கத்தியைத் தட்டில் வைத்தான். "அடுத்த தடவ என்னை எழுப்பிட்டு அவங்க உக்காந்துருவாங்கப்பா. ராணுவ டாக்டர்கிட்டப் போய், என்னால பறக்க முடியாதுன்னு சொல்லிடறேன். நீங்க 'போடா'ன்னு சொன்னாப் போதும்."

"டெஸ்னோ வீட்டுப் பையன் பேய்க்குப் பயந்து போர்வைக்குள்ள படுத்துக்கிட்டான்னு ஊர் பேசணுமா?"

"பேசட்டும் மாமா," என்றாள் வீப்கே. அவளிடம் இப்போது சிரிப்பு இல்லை. "ஊர் வாய்க்கு என் புருஷனத் தீனி போடாதீங்க."

லெபரெக்ட் எழுந்து சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டார். "நானே வந்து பாக்கறேன். ஒண்ணுமில்லன்னா நீ பறக்கணும். ஏதாவது இருந்தா, நானே உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். இது டெஸ்னோ வாக்கு."

விமானம் பட்டறைக்கு வெளியே, வெளிறிய இலையுதிர்கால வெயிலில் நின்றது. மகனும் அவனுடைய கூட்டாளிகள் மூவரும் இறக்கைக்குக் கீழே நிற்க, லெபரெக்ட் வயிற்றுக் கதவு வழியாக ஏறினார். எண்ணெயும் புதுப் பெயின்ட்டும் நாறின. இருபுறமும் குண்டு தொங்கும் இரும்புக் கூண்டுகள், நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளி. வெளியே சுத்தியல்கள் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அவர் முன்னே நகர நகர அந்த ஓசை தண்ணீருக்குள் மூழ்குவதுபோல் மங்கி, மங்கி, நின்றே போயிற்று.

உள்ளே சூடாக இருந்தது. கூட்டம் நிறைந்த அறையின் சூடு.

எங்கோ துணி உரசியது. நெடுநேரம் இருமலை அடக்கிவைத்த ஒருவர் மெல்லக் கனைத்தார். ஒரு குழந்தை முனகியது. யாரோ 'உஷ்' என்றார்கள். லெபரெக்டின் கைகள் கூண்டுக் கம்பியைத் தேடின. கம்பி கிடைக்கவில்லை. விரலில் பட்டது கம்பளி. கம்பளிக்குள் ஒரு முழங்கை.

"லெபரெக்ட்?" காதுக்கு மிக அருகில். யோஸ்டின் குரல். "சத்தியம் பண்ண மாதிரியே சொகமான நாற்காலி. எப்ப எறக்கி விடுவீங்க?"

அவர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வெயில். சுத்தியல் சத்தம். நான்கு இளைஞர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளி நின்ற மெக்கானிக்குகளும் பார்த்தார்கள். ஊரே பார்ப்பது போலிருந்தது. அவர் முதுகை நிமிர்த்தினார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "வெறும் தகரம்."

எக்கார்ட் அவரையே பார்த்தான். அவர் சொன்னதை நம்பவில்லை என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் குதிகால்களைச் சேர்த்து நின்றான். "சரிங்கப்பா."

பொழுது சாயும் வேளை. வெளிச்சம் வெளியே தெரியாதபடி வீப்கே ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே உள்ள ஒண்ணுமில்லயா மாமா?"

"இல்ல."

"அப்ப உங்க சட்டையில ஏன் சுருட்டு வாசன வருது?"

பதிலுக்குக் காத்திராமல் தோட்டத்துக்குப் போய்விட்டாள், வானத்தைப் பார்க்க. லெபரெக்ட் கூடத்தில் தனியாக நின்றார். சிறிது நேரத்தில் வந்தது அந்த ஒலி: இரட்டை எஞ்சின்களின் ஏற்ற இறக்கமான உறுமல், கூரைகளைத் தடவிக்கொண்டு, அலமாரியில் பீங்கான் தட்டுகளைச் சிணுங்கவைத்துக்கொண்டு, நேராக வீட்டின் மேலே.

நின்றது.

தேய்ந்து போகவில்லை. வெடிக்கவும் இல்லை. நின்றது.

தோட்டத்தில் வீப்கே ஏதோ கேட்டாள். பிறகு அவள் குரலும் இல்லை.

முன்னறையில் நாற்காலி இழுபட்டது. இன்னொன்று. இன்னொன்று. அந்த அறையில் இருந்தவை இரண்டே. நான்காவதாக ஒன்று இழுபட்டது. ஐந்தாவது. எண்ணுவதை நிறுத்தினார். தரைப்பலகைகள் முனகின. பாரம் தாங்காமல்.

கதவைத் திறந்தார்.

வரிசை வரிசையாக முதுகுகள். சுவரோரம் நெருக்கியடித்து நிற்பவர்கள். தோள்களில் இடிந்த வீட்டின் சுண்ணாம்புத் தூள். எல்லோரும் மெல்லத் திரும்பினார்கள், முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல்.

முன்வரிசையில் ஒரு தோல் மேலங்கி. எக்கார்ட். அவனுக்கு மட்டும் முகம் மிச்சமிருந்தது, பாதி.

பெரியவர் நிற்கும்போது பிள்ளை உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்படித்தான் வளர்த்திருந்தார். எக்கார்ட் எழுந்தான். நாற்காலியில் படிந்திருந்த சாம்பலைக் கையால் துடைத்தான்.

"உக்காருங்கப்பா," என்றான். "ரொம்ப தூரம் போகணும்."

வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கால்களை மடக்கி அவருக்கு வழி விட்டார்கள்.