பத்து நிமிஷ மாத்து

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை நூல் மில்லில் நின்ற கால்கள். வீட்டுக்கு வந்து, பாப்பாவுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, ஜன்னல் துணியை இழுத்துவிட்டுப் படுத்த பின்னும் அவை நின்றுகொண்டுதான் இருந்தன. தூக்கம் பிடிக்காமல் மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தலையணையில் டேப்லெட்டைச் சாய்த்துவைத்து விளையாட்டைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தாள். விளையாட்டுக்குள் இருந்த ரொட்டிக்கடைக்காரி கால் மாற்றி நின்றாள்.

இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, பாரத்தை இடது காலுக்குக் கொடுத்து, வலது காலை லேசாகத் தூக்கி விரல்களை விரித்து மடக்கினாள். பிறகு வலது காலுக்கு மாறினாள். பொம்மைக்குக் கால் வலிக்குமா என்ன?

விளையாட்டை ஏற்றிக் கொடுத்தவன் அவள் தம்பி. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. “தூங்கும்போதுகூட உன் கை நூல் ஒட்டுதுக்கா. பயந்துபோய்த்தான் மச்சான் லாரியிலேயே படுத்துக்கிறாரு” என்று கிண்டல் பண்ணிவிட்டு, மனசு ஆறட்டும் என்று பழைய டேப்லெட் ஒன்றில் இதைப் போட்டுத் தந்தான். சின்ன ஊர். ஒரு ஏரி, ஒரு தபாலாபீஸ், ஏழெட்டுக் கடைகள். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கலாம். யாரும் சாவதில்லை. தோற்றுப்போக வழியே இல்லை. மேஸ்திரி இல்லாத ஊர் என்பதாலேயே அவளுக்கு அதைப் பிடித்துப்போனது. பதினோரு நாளாகத் தினமும் அங்கே போய் ஏரிக்கரையில் உட்காருவாள். போகிற வழியில் ரொட்டி வாங்குவாள்.

இன்றைக்கு ஏரிக்குப் போகவில்லை. கடை எதிரிலேயே நின்று பார்த்தாள். மெல்லிய பியானோ இசை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம் மில் மெஷினின் நூல்கதிர்கள் நூறு சுற்றுவதுபோல ஒரு ரீங்காரம். மில்காரிகளின் காதில் அது எப்போதும் இருப்பதுதான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சத்தத்தைக் குறைத்தாள். பியானோ நின்றது. ரீங்காரம் நிற்கவில்லை. ஜன்னல் துணியின் ஓரத்தில் கசிந்த வெயிலில் தூசு மெதுவாக இறங்கியது. சமையலறையில் எதையும் அடுப்பில் வைக்கவில்லை. ஆனாலும் மாவு தீய்ந்த வாசனை, முதலில் சந்தேகமாக, பிறகு தெளிவாக, மூக்கில் ஏறியது.

தம்பிக்குப் போன் போட்டு, அந்த ரொட்டிக்கடைக்காரி என்ன இப்படி நிற்கிறாள் என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. எந்தக் கடை என்று இரண்டு தரம் கேட்டான். தபாலாபீசுக்குப் பக்கத்தில் என்றாள்.

“அக்கா, அந்தக் கடையில ஆளே கிடையாது. ஷட்டர்தான் போட்டிருக்கும்” என்றான். தூக்கக் கலக்கத்தில் வாங்கின ரொட்டியில் தனக்கும் ஒன்று எடுத்துவைக்கச் சொல்லிச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், அதுவரை தொடாதே என்று வைத்துவிட்டான்.

அவள் விளையாட்டை மூடினாள். மூடியது. டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ரீங்காரம் மெத்தை வழியாக வந்தது. விலா எலும்பில் அதிர்ந்தது. அதைவிட மோசமாக, அந்தக் கடைக்காரியின் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. நின்று நின்று வீங்கிய கால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மில்லில் ஓடுகிற மெஷினை விட்டு நகரக்கூடாது. ஷிப்டு முடிந்தாலும் மாத்து ஆள் வந்து நின்றால்தான் போகலாம். ‘கடிகாரம்’ என்று அவர்கள் பேர் வைத்திருந்த ஒருத்தி இருந்தாள், நேரத்துக்கு வந்ததே இல்லை என்பதால். ஒருநாள் அவள் இரண்டு மணி நேரம் வராமல்போக, இவள் அழுதுகொண்டே நின்றிருக்கிறாள். ஷிப்டு நடுவில் ஒண்ணுக்குப் போகவேண்டுமென்றால் பக்கத்து மெஷின்காரியிடம் “கொஞ்சம் நில்லு, வந்துர்றேன்” என்பார்கள். புத்தகம் இல்லை, கையெழுத்து இல்லை. வாய்ச்சொல் மாத்து. கேட்டால் மறுக்கக்கூடாது. சரி என்று சொன்னவள், சொல்லிப் போனவள் திரும்பும்வரை நிற்கவேண்டும். ஒருத்தி முடியாது என்றாள், கேட்டவள் நின்ற இடத்திலேயே சேலையை நனைத்தாள். அதற்குப் பிறகு அந்த மறுத்தவளுடன் யாரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்ததில்லை.

மூன்று மணிக்கு டேப்லெட்டைத் திருப்பினாள். மூடிய விளையாட்டு திறந்திருந்தது.

கடைக்காரி விற்பனைப் பலகைக்குப் பின்னால், நேராக இவளைப் பார்த்து நின்றாள். நெற்றியில் வியர்வை. மற்ற எல்லாரும் பேசும்போது வருவதுபோல அவள் தலைக்கு மேலும் வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது. மற்றவர்கள் பேசுவது அரைகுறையாக மொழிபெயர்த்த புத்தகத் தமிழ். இது அப்படி இல்லை.

“நெட்டை, கொஞ்சம் நில்லுக்கா. பத்து நிமிஷம். வந்துர்றேன்.”

மில்லைத் தாண்டி யாருக்கும் தெரியாத அவளுடைய பட்டப்பேர் அது. புருஷனுக்குக்கூடத் தெரியாது.

கீழே இரண்டு பொத்தான்கள். சரி. முடியாது.

தூக்கி எறிந்திருக்கலாம். கீழ்வீட்டுக்கு ஓடியிருக்கலாம். உடம்பு பூராவும் பயம் இருந்தது, கைவிரலில் மட்டும் இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொன்ன கை. அது யோசிக்கவில்லை. சரி என்பதைத் தொட்டுவிட்டது.

கடைக்காரி கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்தாள். நான்காக மடித்தாள். பலகையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, நொண்டி நொண்டி, திரையை நோக்கி நடந்தாள். பெரிதானாள். முகம் பெரிதானது. கன்னத்து மாவுத்தூள் தெரிந்தது. பிறகு திரையின் ஓரத்தைத் தாண்டினாள்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம்.

யாரோ தண்ணீர் குடித்தார்கள். மடக் மடக்கென்று. நெடுநேரம்.

எழுந்திருக்கப் பார்த்தாள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு உயரத்துக்கு மரப்பலகை. முதுகில் அடுப்பின் அனல். கை இரண்டும் மாவு படிந்து வெள்ளை. எதிரே தெரு இருக்கவேண்டிய இடத்தில் நீள்சதுரமாக ஒரு வெளிச்சம், அதற்குள் அவளுடைய அறை: சுற்றுகிற மின்விசிறி, கசங்கின போர்வை, பாதி திறந்த கதவு.

காலைத் தூக்கினாள். வரவில்லை.

வெளிச்சத்துக்குள் ஒருத்தி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இவளுடைய நைட்டியைப் போட்டிருந்தாள். காலை நீட்டி, இரண்டு கையாலும் கெண்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவசரமே இல்லை.

மூன்றரை. வேனின் ஹாரன். படியில் சின்னச் செருப்புச் சத்தம். வெளிக்கதவு திறந்தது.

அறை வாசலில் பாப்பா நின்றாள். கட்டிலில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், உள்ளே வரவில்லை. அந்தப் பெண் எழுந்துவந்து குனிந்து புத்தகப்பையை வாங்கிக்கொண்டு, தலையைத் தடவினாள்.

“அம்மா, உன் கை ஏன் இப்படிச் சுடுது?”

“அடுப்புகிட்ட நின்னேண்டா கண்ணு.”

குரல் இவளுடையது.

‘பாப்பா, நான்தான்’ என்று இவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அறையில் ‘டிங்’ என்று ஒரு சின்ன மணி. இவள் தலைக்கு மேல் வெள்ளைக் கட்டம். பாப்பா ஓடிவந்து திரையில் முகத்தை வைத்தாள், ஆள் உயர முகம், முன்பல் இரண்டு விழுந்த வாய். இப்போதுதான் எழுத்துக் கூட்டப் படித்திருந்தாள். விரலை வைத்துக் கூட்டினாள்.

“பா… ப்… பா. பாப்பா. நா… ன். நான் தா… ன்…”

சிரித்தாள். “அம்மா, இந்த ரொட்டிக்கடை அம்மா என்னைக் கூப்பிடுறாங்க.”

“எல்லாப் பிள்ளையையும் அது அப்படித்தான் கூப்பிடும். கை கழுவு, போ.”

பாப்பா போனாள். அவளுடைய பின்னல் மட்டும் ஒருதரம் ஆடித் தெரிந்தது. அந்தப் பெண் திரைக்கு நேரே குனிந்தாள். மில்லில் வேலை முடித்துப் போகிறவள் மாத்து ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். விரோதம் இல்லை. நன்றிகூட இருந்தது. டேப்லெட்டின் மேலுறையை இழுத்து மூடினாள்.

இருட்டு. அனல். ரீங்காரம்.

குனிந்து காலடியில் கையால் தடவிப் பார்த்தாள். மரத்தரையில் இரண்டு பள்ளங்கள். பாதம் பாதமாகத் தேய்ந்தவை. விரலுக்கு விரல் குழி. ஒருத்தி நின்று தேய்ந்ததல்ல அது. தன் பாதங்கள் அவற்றில் சரியாகப் பொருந்தியிருப்பதையும், குதிகாலில் இன்னும் கொஞ்சம் இடம் மீதி இருப்பதையும் தடவியே தெரிந்துகொண்டாள்.

உறைக்கு வெளியே, வெகு தூரத்தில், பாப்பா எதற்கோ சிரித்தாள். ஒருத்தி கூடச் சிரித்தாள்.

பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். பிறகு வலது காலுக்கு.

சொல்லிப் போனவள் திரும்பும்வரை நிற்கவேண்டும். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் பாக்கி.