நூலக நிறுத்தத்தில் ஒரு சிரிப்பு

அவள் ஓடினாள். மழையும் கூடவே ஓடியது.

ஒரே தாவலில் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டாள்... குடை மட்டும் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது! 'கதவருகே நிற்காதீர்கள்' என்று ஒலிபெருக்கி தேனொழுக அறிவித்தது. அது அவளுடைய குரல்தான். இரண்டு வருடம் முன்பு பதிவு செய்து கொடுத்தது. சொந்தக் குரலே தன்னை அதட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? கதவைத் திறங்க!"

ஓட்டுநர் பதறிக் கதவைத் திறந்தான். திரும்பினான். மன்னிப்புக் கேட்க வந்த வாய் பாதியில் நின்றுவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்த முகம்... அதில் கோபத்தால் இன்னும் பெரிதாகிவிட்ட இரண்டு கண்கள்...

"நீங்க... அவங்கதானே?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்து வருடமாக மேடையில் நடிக்கிறாள். மூன்று படங்களில் நர்ஸ், ஒன்றில் பிணம். கடைசியில் ஒருத்தராவது...!

"எந்தப் படத்துல பார்த்தீங்க?"

"படமா? என் பஸ்ல தினமும் பேசுறது நீங்கதானேங்க!"

சப்பென்றாகிவிட்டது. வேறு யார் யாரோ கதாநாயகிகள் திரையில் அழ, இருட்டறையில் மைக் முன்னால் நின்று தொண்டை வறள அழுபவள் இவள். பஸ்ஸிலுமா இதே கதை?

"ஒண்ணு கேட்கணும்..." என்றான் அவன் தயங்கி. "நூலகம் நிறுத்தத்துல மட்டும் ஏன் சிரிக்கிறீங்க?"

அவள் விழித்தாள். அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் 'நூலகம்' என்று வாயெடுத்த நொடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் நாற்காலிக் கால் முறிந்து, மனிதர் மேசைக்கடியில் மாயமாகிவிட்டார். சிரிப்பை விழுங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள். அதையே பதிவாக வைத்துக்கொண்டார்கள். தினமும் எத்தனையோ பேர் கேட்கிறார்கள். ஒருவருக்கும் அந்தச் சிரிப்பு தெரிந்ததில்லை.

இவனுக்குத் தெரிந்திருக்கிறது!

மறுநாளும் அவள் அதே பஸ்ஸில் ஏறினாள். அதற்கு மறுநாளும்தான்.

"டப்பிங் கூடம் இருக்கிறது வடக்கே. நீ போற பஸ்ஸு தெற்கே. என்னடி விஷயம்?" என்றாள் அக்கா.

"சுத்திப் போனா காத்து வாங்கலாம்."

"வாங்கு, வாங்கு. காத்து காக்கிச் சட்டை போட்டிருக்கோ?"

அந்த மாதம்தான் அவளுக்கு முதல் கதாநாயகி வேஷம் கிடைத்தது. நாடகம் இரண்டு மணி நேரம். அவளுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது... வாய் பேசாத பெண்!

"வாயாடிக்கு இப்படி ஒரு சோதனையா!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளோ கண்ணாடி முன் போய் நின்றாள். முகத்தை மட்டும் வைத்து ஓர் அரங்கத்தைக் கட்டிப்போட முடியுமா? முடியாவிட்டால் ஆயுசுக்கும் ஒலிபெருக்கிதான்.

மூன்றாவது வரிசையில் ஓர் இருக்கைக்கு டிக்கெட் எடுத்து அவனிடம் நீட்டினாள். "ஆறு மணிக்கு. கட்டாயம் வரணும்."

திரை விலகியது. அந்த இருக்கை காலி. கடைசி வரை காலிதான். கைதட்டல் கூரையைப் பிளந்தது, அவள் கண்ணுக்கு அந்த வெற்று நாற்காலி மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் பஸ் படியிலேயே வெடித்தாள். "வசனம் இல்லேன்னதும் வர மனசில்லையா? உங்களுக்கு வேண்டியது என் குரல்தானே... அந்த ஒலிபெருக்கியையே கட்டிக்கோங்க!"

"ஐயோ, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

அதற்குள் இறங்கிவிட்டாள். பிறகு இரண்டு வாரம் நடைதான். வீம்புக்குக் கால் வலிக்குமா? வலித்தது. மனசும் வலித்தது.

அப்புறம் ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லை. கூட்டத்தோடு கூட்டமாக அந்த பஸ்ஸில் ஏறி, பின்னால் போய் நின்றாள்.

"அடுத்து... நூலகம்."

தகர டப்பாவில் கல் உருட்டிய குரல். அவனேதான் மைக்கில் சொல்கிறான்!

"ரெண்டு வாரமா இதே கூத்து," என்று பக்கத்து அம்மாள் சலித்துக்கொண்டார். "டிரைவர் தம்பி! அந்தப் பொண்ணு குரலையே போடக்கூடாதா?"

"அதைப் பேசினவங்க கோபத்துல இருக்காங்கம்மா. அவங்க வர்ற வரைக்கும் போடமாட்டேன்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றது. அவன் திரும்பினான். கண்கள் நான்கும் அங்கேயே ஒட்டிக்கொண்டன.

"நான் வந்தேங்க," என்றான். "பத்து நிமிஷம் லேட். நாடகம் ஆரம்பிச்சப்புறம் முன்வரிசைக்கு விடமாட்டாங்களாம். பின்னால தூண் பக்கத்துலயே நின்னேன்."

"பொய்!"

"நாடகத்துல லெட்டரை மடிச்சு மடிச்சுக் கைக்குள்ள ஒளிச்சீங்களே, அப்போ சுண்டுவிரல் மட்டும் நடுங்குச்சு. அப்பா உள்ள வந்ததும் சிரிச்சீங்க... கண்ணு மட்டும் சிரிக்கலை." அவன் இன்ஜினை அணைத்தான். "முதல் அஞ்சு நிமிஷம் உங்க குரலைத் தேடினேன். அப்புறம் அப்படி ஒண்ணு உங்களுக்கு இருக்கிறதே மறந்துபோச்சுங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

மழை மட்டும் கூரையில் தாளம் போட்டது.

"ஏம்மா, வாயைத் திறந்து பதில் சொல்லு. வீட்டுக்குப் போகணும்!" என்றார் அந்த அம்மாள்.

அவள் மைக்கை வாங்கினாள். இரண்டு வருடம் முன்பு விழுங்கிய சிரிப்பு இப்போது விழுங்காமலே வந்தது.

"இது நூலகம். இறங்குறவங்க இறங்கலாம்..." அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் இறங்கலைங்க. கடைசி வரைக்கும் உங்ககூடத்தான் வரேன்."