காலித் தாளின் எடை

ஐந்து மாடி ஏறினால்தான் அந்த இயந்திரம். லிஃப்ட் கதவை யாரோ கழற்றி விற்று வெகுகாலம் ஆகிறது. ஹெல்வானுக்குத் தெற்கே, சிமெண்ட் ஆலையின் புகைபோக்கிகளுக்கு நேர் எதிரே அந்தக் கட்டடம். தினமும் நண்பகலில் நான் மொட்டைமாடிக்குப் போய், காற்றை உறிஞ்சும் இயந்திரத்திலிருந்து நேற்றைய வடிதாளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவேன். வெள்ளையாகப் போகும் தாள் கறுத்துத் திரும்பும். முன்பும் பின்பும் எடை போட்டால் ஒரு நாள் காற்றில் எவ்வளவு தூசு என்று தெரிந்துவிடும். இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு இதுதான்.

மாடியிலேயே ஓர் அறையில் காவல்காரர் பயூமியும் அவர் மனைவி இன்சாஃபும் குடியிருந்தார்கள். நான் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தால் இன்சாஃப் புதினா போட்ட தேநீரோடு நிற்பார்.

"இன்னிக்கு எவ்வளவு, உஸ்தாத்?"

"நாலு பருக்கை சோத்து எடை."

"அவ்வளவும் என் நெஞ்சுலதான் கிடக்கு. உங்க மெஷின் என்னைவிட நல்லா மூச்சு விடுது, பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் முடியும். இருமலுக்கு அடியில், ஈரத் துணியை மெல்லக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்கும்.

அக்டோபரில் இன்சாஃப் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதம் கழித்துக் காலித் தாள் கறுக்கத் தொடங்கியது.

வாரப் பெட்டியில் ஏழு தாள்களோடு எட்டாவதாக ஒன்று இருக்கும். அதுதான் காலித் தாள். அது இயந்திரத்துக்குள் போகாது, உறையை விட்டே வெளியே வராது. மற்றவற்றோடு சேர்ந்து மாடி ஏறி, மாடி இறங்கி, போன எடையிலேயே திரும்ப வேண்டும். வழியில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆய்வகத்தில் எடை போடும் டாக்டர் மெர்வத் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவில் சாம்பல் நிறமாக ஒரு வட்டம். ஒரு வாய் அளவு இருந்தது.

"என்ன உஸ்தாத் ரிஃபாத், இதுல வாய வச்சு ஊதினீங்களா?"

"நான் பிரிக்கவே இல்ல, டாக்டர்."

"அப்போ ஜின்னு வந்து ஊதிட்டுப் போச்சாக்கும்."

அடுத்த வாரம் அவரே உறையை ஒட்டி, ஒட்டின் மேல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து கலையாமல் திரும்பியது. உள்ளே வட்டம் இருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் கேலி பேசவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. என் மூக்கு பதினோரு வருடத்துக்கு முன்பே செத்துப்போனது. மீன் பொரிப்பதும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். மனசும் அந்தக் கதிக்கு வந்துவிட்டிருந்தது. எப்போதிலிருந்து என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்சாஃப் போவதற்கு நாலு மாதம் முன்பு, ஜூனில் ரமலான் வந்தது. ஆலைத் தூசு தாங்கவில்லை என்று இன்சாஃப் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்திருந்தார். அதற்குப் பிந்தைய ஒன்பது நாள் தாள்களை மட்டும் வைத்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்த நாட்களில் அவர் மருத்துவமனையில் கிடந்தார். பயூமி கட்டிலருகே இருந்தார். மாடியில் என்னைப் பார்க்க ஆள் இல்லை. நாற்பத்திரண்டு டிகிரி வெயில், நோன்பில் தண்ணீர் படாத நாக்கு, ஐந்து மாடி. முதல் நாள் மூன்றாம் மாடியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். இறங்கிப் போய், அந்தத் தாளை நைல் கரையில் இருக்கும் எங்கள் அலுவலக மாடி இயந்திரத்தில் மாட்டினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஒன்பது நாளும் அப்படியே போயிற்று. தாள்கள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தன. காற்று வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதி மனுவை மூடிவிட்டார்கள்.

காலித் தாள் கறுத்த ஒன்பதாவது வாரம். நண்பகல். பயூமி தன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஹூக்கா உடைந்து கிடந்தது.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கண்ணே."

"காத்து நல்லா இருக்குன்னு உங்க காகிதம் சொல்லிச்சு. அப்போ புருஷன் குடிச்ச ஹூக்காதான் காரணம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பெரியவன் பேச்சை நிறுத்திட்டான். சின்னவன், அம்மாவ நீதான் கொன்னேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். நான் மறுத்துப் பேசல. ஆனா அவ கைக்குட்டை கறுப்பா இருந்துச்சு, உஸ்தாத். உங்க தாள் மட்டும் எப்படி வெள்ளையா இருந்துச்சு?"

எனக்கு ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது.

"மெஷின் சொன்னதுதாண்ணே."

அவர் தலையாட்டினார். நான் திரும்பிப் போய், தாளை மாற்ற இயந்திரத்தை நிறுத்தினேன். அதன் இரைச்சல் இழுத்து இழுத்து அடங்கியது.

மூச்சு அடங்கவில்லை.

உள்ளே இழுத்தது. நின்றது. வெளியே விட்டது.

அடியில் ஈரத் துணி கிழிந்தது.

பிறகு புதினா மணத்தது. பதினோரு வருடத்தில் என் மூக்குக்கு வந்த முதல் வாசனை. அதன் பின்னாலேயே ஆலையின் சுட்ட சுண்ணாம்பு நெடி வந்து தொண்டையை அடைத்தது.

கையிலிருந்த உறையைப் பார்த்தேன். காலித் தாள் இருந்த உறை. ஒட்டு பிரியவில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது.

புடைத்தது. வற்றியது. மறுபடி புடைத்தது.

"உங்களுக்கும் வருதா?" பயூமி வாசலிலிருந்து கிசுகிசுத்தார். "புதினா. தெனமும் நீங்க வர்ற நேரத்துக்கு வருது. நான் தேத்தண்ணி போடறதே இல்ல."

என் காதருகே, காது மடல் சூடாகும் அளவு பக்கத்தில்:

"இன்னிக்கு எவ்வளவு, உஸ்தாத்?"

உறையைக் கீழே வைத்துவிட்டு, பயூமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"அந்த ஒம்பது நாளும் நான் மேல ஏறவே இல்லண்ணே. அது இங்கத்த காத்தே இல்ல."

பயூமி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"அப்போ... நான் இல்லையா?"

"நீங்க இல்லண்ணே."

அவர் குந்தியபடியே முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுது முடிக்க நேரம் பிடித்தது. எனக்கும் அழ வேண்டும் போல இருந்தது. வரவில்லை, அதற்காக என்னை நானே வெறுத்தேன்.

"எழுதிக் குடுங்க. பசங்களுக்குக் காட்டணும்" என்றார்.

இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று அவருக்கு. இன்னொன்றை அன்றே டாக்டர் மெர்வத் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பழைய தாள்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து, ஜூன் மாத உறையைக் கொண்டுவந்து முத்திரையை உடைத்தார். கிட்டத்தட்ட வெள்ளையாக உள்ளே போன ஒன்பது தாள்கள்.

ஒன்பதும் கறுத்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டம் இருந்தது.

டாக்டர் இடுக்கியால் கடைசித் தாளை எடுத்தார். தராசில் வைத்து, அதைச் சுற்றியிருந்த கண்ணாடிக் கதவுகளை மூடினார். எண்ணை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றார்.

எண் ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"நம்ம மூச்சுக்காத்து பட்டு ஆடுது போல" என்றார். "கொஞ்சம் மூச்சைப் பிடிங்க, உஸ்தாத்."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

எண் ஏறியது. நின்றது. இறங்கியது.