நசுங்காத பூக்கள்

முதல் நிறுத்தத்தில் பைக்கிலிருந்து இறங்கி, கீழே விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்தபோதுதான் சர்வேயர் அதைக் கவனித்தான். புது டயரில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரப்பர் முடிகள், அவை அப்படியே இருந்தன. ஓரத்தில் இருந்தால் சரி, ஓரம் தரையில் படாது, மாதக்கணக்கில்கூட நிற்கும். இவை நட்டநடுவில், தரையைத் தேய்க்கிற இடத்தில், கடையில் மாட்டிய நிமிஷத்தில் இருந்த மாதிரியே விறைத்து நின்றன. நாலு தெரு சுற்றினாலே போய்விடுகிற சமாச்சாரம். ஊரைத் தாண்டி மலையடிவாரமே வந்தாயிற்று.

ரப்பர் மட்டம் என்று முடிவு கட்டினான். முடிவு கட்டுவதுதான் அவன் தொழில். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, தப்பு யார்மேல், காப்பீட்டுக் கம்பெனி இழப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வான். பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்வான். உலகத்தில் பாதிப் பேர் பொய்யர்கள், மீதிப் பேர் முட்டாள்கள் என்பது அவன் கட்சி. கூட வந்திருந்த இருவரையும் முட்டாள்கள் கணக்கில் சேர்த்திருந்தான்.

ஒருவன் அவன் மச்சான், மனைவியின் தம்பி. செல்போன் ரிப்பேர் செய்பவன். பூத்த மரம் ஒன்றைக் கண்டால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிற்பான். இன்னொருவன் பள்ளியில் கூடப் படித்த டெய்லர், பட்டப்பெயர் ஊசி. ஆளும் அப்படித்தான், பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போய்விடுவான். அவன் வண்டி டயரைப் பார்த்தால் சிரிப்பாக வரும். வெட்டுக்கோடு ஒன்றுகூடத் தெரியாத மொட்டை டயர். மாட்டு வண்டி வேகத்தில் போகிற இந்த ஜோடியோடு சர்வேயர் ஒருநாளும் வந்ததில்லை. "மேல வழவழப்பா இருக்கும் சார், அந்த முடியெல்லாம் தேயற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க, அப்பத்தான் ரோட்டைப் புடிக்கும்" என்று மெக்கானிக் சொன்னதால் வந்தான். மெதுவாக ஓட்ட இவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

வசந்தம் வந்து சாலையே மஞ்சளாகிக் கிடந்தது. இருபக்கமும் மரங்கள், மரம் முழுக்கப் பூ, காற்று அசைந்தால் தலைக்கவசத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. வெயிலும் உறைக்கவில்லை. காலையில் முதல் இறக்கத்தில் சர்வேயருக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. "பிரேக் புடிக்கல! டேய், பிரேக் புடிக்கல!" என்று அலறிக்கொண்டே இருவருக்கும் நடுவில் புகுந்து பாய்ந்தான். ஊசி பயந்துபோய் வண்டியோடு புதருக்குள் சாய்ந்தான். கீழே போய் அழகாக வண்டியை நிறுத்தி, வயிறு வலிக்கச் சிரித்தான் சர்வேயர்.

"உயிரே போச்சுடா எனக்கு" என்றான் ஊசி, சட்டையிலிருந்த முள்ளைப் பிடுங்கியபடி. கோபப்படக்கூடத் தெரியாத பிறவி.

மதியம் தாண்டி ஒரு காபிக் கடை வந்தது. கடை வாசலில் பிரேக்கைப் பிடித்த சர்வேயர், பக்கத்துப் பஞ்சர் கடை வாசலில் போய் நின்றான்.

"என்ன மாமா, காபி வேணாமா?" என்றான் மச்சான்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் சர்வேயர் ஆபீஸ் கதை ஒன்றை எடுத்துவிட்டான். இதே மாதிரி மலை ரோடு. ஒரு பையன் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்திருக்கிறான்.

"ரோட்டுல ஒரு கோடு கிடையாது. பிரேக் புடிச்சா டயர் தேயும், தேஞ்சா தடம் விழும். தடம் இல்லன்னா புடிக்கலன்னு அர்த்தம். தூங்கிட்டே போயிருக்கான், அவ்ளோதான்னு எழுதிட்டேன்."

"கூட யாரும் வரலையா?" என்றான் ஊசி.

"வந்தான் ஒரு சினேகிதன். 'புடிச்சான் சார், சக்கரம் நின்னுடுச்சு, வண்டிதான் நிக்கல'ன்னான். சக்கரம் நின்னுடுச்சாம், வண்டி மட்டும் போச்சாம்!" தொடையில் தட்டிச் சிரித்தான். "மூஞ்சியப் பாக்கணுமே. அழுவுறான்டா அதச் சொல்லும்போது."

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. ஊசி காபியை ஊதிக்கொண்டே, "புது வண்டியா அது?" என்று கேட்டான்.

"பழசுதான். டயர் மட்டும் புதுசு" என்றான் சர்வேயர். சொல்லிவிட்டு, பஞ்சர் கடை வாசலில் நின்ற தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

கடையை விட்டுக் கிளம்பிய பிறகு அவன் கடைசி ஆளாக வந்தான். முன்னால் போகிற இரண்டு வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான். இஞ்சின் சத்தத்துக்கு அடியில், டயர் தரையை உரசுகிற அந்தச் சர்ரென்ற சத்தம் அவற்றில் கேட்டது. தன் வண்டியில் அதைத் தேடினான். இஞ்சின் இருந்தது, சங்கிலி இருந்தது, காற்று இருந்தது, அவற்றுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. தெருவில் ஓட ஓடக் குறைய வேண்டிய புது ரப்பர் வாசனை, பூ வாசனையை மீறி, இப்போதுதான் கடைப் பொட்டலத்தைப் பிரித்த மாதிரி மூக்கில் ஏறியது.

பாறையிலிருந்து கசிந்த நீர் ஓரிடத்தில் சாலையின் குறுக்கே ஓடியது. மச்சான் போனான், அந்தப் பக்கம் ஈரக்கோடு ஒன்று நீண்டது. ஊசி போனான், இன்னொரு கோடு. சர்வேயர் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். இரண்டு கோடுகள்தான் இருந்தன. கண்ணாடியில் சாலையைப் பார்த்தான். முன்னால் போனவர்களின் சக்கரம் பட்டுப் பூக்கள் நசுங்கி, பழுப்பாக இரண்டு வரிசை கிடந்தது. அவன் வந்த வழியில் பூக்கள் உதிர்ந்தபடியே கிடந்தன.

வெயில் சாய்கிற நேரத்தில் மச்சான் மறுபடி ஒரு மரத்துக்கு முன்னால் நின்றான். சர்வேயர் இரண்டு பிரேக்கையும் இறுக்கினான். வண்டி நிற்க மனமில்லாமல் நின்றது, அவர்களைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில்.

"சாருக்கு நம்மகூட நிக்கப் புடிக்கலபோல" என்று மச்சான் சொல்வது காற்றில் வந்தது.

ஊசி மட்டும் நடந்து வந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைப் பார்த்தான். நடுவிலிருந்த முடிகளை, துணியின் நூலைத் தடவிப் பார்ப்பது போல விரலால் தடவினான்.

"என்னடா இது, தூசிகூட ஒட்டல. எனக்கு என்னமோ சரியாப் படலடா. வண்டிய இங்கயே விட்டுடு. என் பின்னாடி ஏறிக்க, நாளைக்கு ஆள் கூட்டிட்டு வந்து எடுத்துக்கலாம்."

ஏறியிருக்கலாம். சர்வேயருக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. உயிரோடு போனால் போதும் என்றே இருந்தது. ஆனால் கூப்பிட்டவன் ஊசி. காலையில் புதருக்குள் விழுந்த ஊசி. இவன் இரக்கப்பட்டு இவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் போவதா?

"உன் மொட்டை டயர்லயா? நான் வேற சாகணுமா?" என்றான்.

ஊசி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

மலையின் மறுபக்கம் இறக்கம். வெளிச்சம் பழுத்துக் கறுக்கத் தொடங்கியது. மரங்களின் நிழல்கள் சாலையில் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. பாதி இறக்கத்தில் இருவரும் குளிர்ச்சட்டை போட ஓரங்கட்டினார்கள். சர்வேயர் பிரேக்கைப் பிடித்தான்.

வேகம் குறையவில்லை.

காலால் மிதித்தான். கையால் இறுக்கினான். சக்கரம் நின்றது. அவன் குனிந்து பார்த்தான், முன்சக்கரம் அசையாமல் நின்றது. பூக்கள் மட்டும் அதற்கு அடியில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

"பிரேக் புடிக்கல! டேய், பிரேக் புடிக்கலடா!"

"போதும் மாமா, காலைலயே பாத்தாச்சு!" என்று சிரித்தான் மச்சான். கை வேறு ஆட்டினான்.

சர்வேயர் இஞ்சினை அணைத்தான். சத்தம் அடங்கியது. எல்லாச் சத்தமும். வண்டி போய்க்கொண்டே இருந்தது. பாய்ந்துகூடப் போகவில்லை, காலையிலிருந்து வந்த அதே உல்லாச வேகம். காலைக் கீழே ஊன்றினான். ஷூ தரையில் பட்டது போலத்தான் இருந்தது. உரசவில்லை. சூடேறவில்லை. மஞ்சள் பூக்கள் அதன் அடியில் நழுவின. ஒன்றுகூட நசுங்கவில்லை.

குதிக்கலாம். குதித்தால்? உடம்பும் இப்படியே வழுக்கிக்கொண்டு போனால்?

பின்னால் ஒரு இஞ்சின் உறுமியது. ஊசி. மாட்டு வண்டி ஊசி, பக்கத்தில் வந்துவிட்டான். முதலில் சர்வேயரின் முகத்தைப் பார்த்தான். பிறகு நின்றுபோன சக்கரத்தை.

"கையக் குடுடா!"

கொடுத்தான். ஊசி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். பிடி சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் கை நழுவியது, எண்ணெயில் ஊறிய துணிபோல. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது. ஊசி அழுதுகொண்டிருந்தான்.

எதிரே வளைவு. வெள்ளை அடித்த கற்கள். கற்களுக்கு அப்பால் வெறும் வானம்.

"நில்லுடா ஊசி. நீ நில்லு." அன்று முழுவதிலும் அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஊசி பிரேக்கைப் பிடித்தான். மொட்டை டயர் கிறீச்சிட்டது, புகைந்தது, கருப்பாகக் கோடு போட்டுக்கொண்டு வளைவுக்கு முன்னாலேயே நின்றது. சர்வேயர் திரும்பிப் பார்த்தான். சாலையில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது. அதன் முனையில் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஊசி நின்றான். நாளை யாரோ ஒருவன் வந்து இந்த இடத்தில் குனிந்து பார்ப்பான். ஊசி அவனிடம் சொல்வான். புடிச்சான் சார், சக்கரம் நின்னுடுச்சு. அவன் தொடையில் தட்டிச் சிரிப்பான்.

முன்சக்கரம் சுற்றவில்லை. அதன் நடுவில் ரப்பர் முடிகள் காற்றில் மெல்ல ஆடின. வெள்ளைக் கற்கள், அவசரமே இல்லாமல், பக்கத்தில் வந்துகொண்டிருந்தன.